ஈய வளையம்

ஹம் நகரத் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் தக்சாயினிக்கு இன்றுதான் முதல் போட்டி. கழகத் தலைவர் கொடுத்த ஈயக்குண்டைத் மருந்தையும் குண்டையும் கையால் நிரப்பும் தன் பழைய பாணிக் கருமருந்து ரிவால்வரின் வெற்று அறையில் வைத்துப் பார்க்கிறாள். அது வழுக்கி உள்ளே விழுகிறது. “எல்லாரும் இதைத்தானே பாவிக்கினம்,” என்கிறான் கணவன் உருத்திரமூர்த்தி, மெல்ல. “எல்லாற்றை துவக்கும் ஒரே அளவோ? இது சின்னன்.” தன் பெட்டியிலிருந்து மயிரிழை அளவு பெரிய குண்டை எடுக்கிறாள். மருந்தை அளந்து கொட்டி, குண்டை மேலே வைக்கிறாள். விழாமல் உட்கார்ந்திருக்கிறது. குழலின் கீழுள்ள நெம்புகோலை அழுத்துகிறாள். குண்டு இறுகி இறங்க, சீவப்பட்ட ஈயம் மெல்லிய வளையமாகக் கழன்று சன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது. வளையம் எங்கும் அறுபடவில்லை; பக்கத்து அறைக்கு நெருப்புத் தாவ, குண்டைச் சுற்றி இடைவெளி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. தலைவர் குனிந்து பார்த்துவிட்டுத் தன் குண்டுப் பெட்டியை மூடுகிறார். உருத்திரமூர்த்தி வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துகிறான். அவள் இன்னும் ஒரு முறைகூடச் சுடவில்லை.