சூடெல்லாம் வெளியே போகுது

கொழுக்கட்டை மாவு விரிசல் விட்டுக்கொண்டே போனது. ஸ்டெஃபாவுக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை இல்லை.

வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிவதற்குள் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்னிரண்டு பதார்த்தமும் மேஜைக்கு வந்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு போன மகன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக மனைவியோடு வருகிறான். புது மருமகள் முன்னால் ஒன்று பிசகினாலும் மானம் போய்விடும்.

காலையிலிருந்து வேறு தலைவலி. எல்லாம் இந்தக் கவலையால்தான்.

மகனின் கார் வருகிறதா என்று பார்க்கப் போன கணவர் வாசில், திரும்பி வந்து கதவை ஒரு சாண் திறந்தே விட்டார். வெளியே மைனஸ் முப்பது குளிர்.

"மூளையும் சேந்து உறைஞ்சு போச்சா மனுஷா? கதவ சாத்து. சூடெல்லாம் வெளிய போவுது."

சாத்தினார். ஈரப் பூட்ஸோடு நாற்காலியில் சாய்ந்தார். துடைத்த தரையில் குளம் கட்டியது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெங்காயம் வதங்கும்போது சுவரிலிருந்த புகை-வாயு அலாரம் அலறியது. ரொட்டி கருகினாலே ஊரைக் கூட்டுகிற சனியன் அது. ஸ்டூல் போட்டு ஏறி, பேட்டரியைப் பிடுங்கி ஏப்ரன் பைக்குள் போட்டாள். இறங்கும்போது கால் தள்ளாடியது.

நிம்மதி.

தட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டை வழுக்கித் தரையில் விழுந்தது.

விழுவது தரையைத் தொடும் முன்பே கவ்விவிடும் புர்கோ. இன்றைக்கு மூக்குக்கு நேரே கிடக்கிறது. நாய் அரைக்கண் திறந்தபடி படுத்திருந்தது. வால்கூட அசையவில்லை.

ஸ்டெஃபா மெல்லக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு திட்டைக்கூடப் பதிலுக்குத் திட்டாமல் வாங்கிக்கொண்டவர் இல்லை அவர்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பக்கச் சுவரில், ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தில், ஆளுயரத்துக்குப் பனி. குழாயே தெரியவில்லை. வெளியேற வேண்டிய விஷவாயு முழுக்க வீட்டுக்குள்ளேயே. மருமகள் வரும் கார் நிறுத்த இடம் வேண்டும், வாசல் பனியை அங்கே தள்ளுங்கள் என்று நேற்று அவரை விரட்டியது ஸ்டெஃபாதான்.

அவர் அக்குளில் கை கொடுத்து வாசற்படி வரை இழுத்தாள். கம்பளியைப் போர்த்தினாள். பிறகு நாயை இழுத்தாள். ஜன்னல்களையும் திறந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அவர் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்தாள்.

வீடு முழுக்கக் குளிர் புகுந்தது. பிசைந்த மாவு விறைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புர்கோ ஒரு தும்மல் போட்டது.

அதற்கும் வெகு நேரம் கழித்துத்தான் வாசிலின் உதடு அசைந்தது.

"கதவ சாத்து ஸ்டெஃபா... சூடெல்லாம் வெளிய போவுது."

அவள் சாத்தவில்லை. பேட்டரி கிடந்த ஏப்ரன் பையைத்தான் ஒரு கையால் இறுக்கி மூடிக்கொண்டாள்.