பதினெட்டுத் தோட்டா

"ஏலே கருத்தையா, இருபத்து நாலு தோட்டாவுல பதினெட்டு நமுத்துப் போச்சுன்னா நீ என்னத்தலே விளக்கிக் கிழிச்ச?"

காரியஸ்தர் அம்மையப்பன் போட்ட சத்தத்தில் பண்ணை வீட்டு முற்றமே அடங்கிப் போயிற்று. வெடிக்காத தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கருத்தையாவின் காலடியில் எறிந்தார்.

"ஆறு வெடிச்சதுக்கே ரெண்டு உருப்படி விழுந்துட்டு. எல்லாம் வெடிச்சிருந்தா ஒரு ஊர்க்காரப் பய பண்ணை மடைப்பக்கம் வந்திருப்பானா? இப்ப பாரு, மடையை உடைச்சுத் தண்ணியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டானுவ!"

துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கருத்தையாவுக்கு, 'பதினெட்டு' என்ற ஒரு சொல் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை.

சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புளியும் செங்கல்பொடியும் போட்டு உள்ளும் புறமும் விளக்கி, காயவைத்து, அடிக்குழியில், அடிபட்டால் பொறி கக்கும் புதுக் கேப்பு பொருத்தி, மருந்தும் ஈயக்குண்டும் அடைத்துக் கொடுப்பது அவன் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறான். பாபநாசம் மலைக்கு வேட்டையாடப் போன வெள்ளைக்காரத் துரை ஒருத்தர், அவன் விளக்கிய கூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசா?" என்று கேட்டிருக்கிறார்.

"யாருலே விளக்குனது? உம் பொஞ்சாதிகிட்டத் தள்ளிவிட்டியோ?"



"இல்ல எசமான். நாந்தான்."

"கேப்பை வெட்டிப் பாத்தா எண்ணெய் ஊறியிருக்கு. எண்ணெய்க் கையோட தோட்டாவைத் தொடக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்கு இனிமே மாட்டுத் தொழுவந்தான். சாணி அள்ளு. துப்பாக்கி அறைப் பக்கம் தலை தெரியப்படாது!"

காவல்காரன் சுடலையாண்டி, துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு சிரித்தான். "வேய், சாணியையாவது நல்லாக் காயவச்சுத் தட்டும். அதுவும் நமுத்துறப் போவுது!"

நாலு பேரும் சிரித்தார்கள். குனிந்து அந்தப் பதினெட்டையும் பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான் கருத்தையா. வாய்க்கால் கரையில் ஒரே கூட்டமும் அழுகையுமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்கக் கூசி, வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. இசக்கியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தனக்கு நேர்ந்த அவமானம் அதற்குள் இவள் காதுக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோது, அவன் இன்னும் நாணிப்போனான்.

"அழாத புள்ள. உம் பேரை நான் சொல்லல. நாந்தான் விளக்குனேன்னு சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தலைக்கு எண்ணெய் தேச்ச கையோட கூட்டைத் தொட்டுட்ட போலுக்கு. மனுசருக்கு மறதி இல்லாமலா? உம்மேல தப்பில்ல. அதைப் பாக்காம அடைச்சேனே, எனக்கில்ல புத்தி வேணும்? பதினாறு வருசத்துப் பேரு ஒரு நாளையில போச்சு."

"மடையில சுட்டதுல பூதத்தான் செத்துட்டான்," என்றாள் இசக்கியம்மா. "மாரிக்கண்ணும் போயிட்டா. நேத்து வரைக்கும் எங்கூட நடவு நட்டவ."

"கேள்விப்பட்டேன்." அவன் அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். "பன்னி வேட்டைக்குன்னுதான் எங்கிட்டச் சொல்லித் தோட்டா அடைக்கச் சொன்னாக."

"அப்படியா சொன்னாக? ஆத்துல துணி துவைக்கவ அத்தனை பேருக்கும் தெரியும், எந்தப் பன்னிக்குன்னு. நீங்க நம்புனிய?"

கருத்தையா அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினான்.

"நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க," என்றாள் அவள். "அந்த ஆறு எப்படி வெடிச்சுது?"

விசித்திரமான கேள்வியாக இருந்தது அவனுக்கு. ஆனாலும் காலையிலிருந்து வாங்கிய ஏச்சுக்கு நடுவே, தன் கைத்திறமைக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

"பதினெட்டை முந்தாநாள் அந்தி மசங்கலில அடைச்சேன். ஒண்ணும் தெரியல. மிச்சம் ஆறை நேத்து விடிஞ்சப்புறம் எடுத்தேன். வெளிச்சத்துல பாத்தா, கேப்பு உக்காருத குழியில எண்ணெய் மினுங்குது. விடுவேனா? துணியால ஒத்தி, சாம்பல் வச்சுத் தேச்சு, வெயில்ல சுள்ளுன்னு காயவச்சு அடைச்சேன். மத்ததையும் பிரிச்சுப் பாத்திருப்பேன். அதுக்குள்ள காரியஸ்தரு ஆள விட்டுட்டாரு. இன்னும் ஒரு நாழிகை கிடைச்சிருந்தா இருபத்து நாலையும் சரி பண்ணியிருப்பேன் புள்ள."

இசக்கியம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கை எண்ணெய் இல்ல அது. கோழி இறகால தொட்டு, நானேதான் வச்சேன். இருபத்து நாலு குழியிலயும் வச்சேன். ஒண்ணுகூட வெடிக்காதுன்னுதான், மடைக்குப் போகப் பயந்த மாரிக்கண்ணுகிட்ட, 'தைரியமாப் போ'ன்னு சொல்லி அனுப்புனேன்."

காலையிலிருந்து பதினெட்டுத் தோட்டாவுக்காகக் கூசிக் கிடந்த கருத்தையா, அப்போதுதான் முதன்முதலாக மற்ற ஆறுக்காகக் கூசினான்.