ஏழே ஏழு மேற்கோள்

“ஏழு! ரெண்டு வருஷத்துல ஏழே ஏழு தடவைதான் நம்ம இதழை மேற்கோள் காட்டியிருக்காங்களாம். இந்த ஆளுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

துணை ஆசிரியர் காகிதத்தை மேஜையில் வீசினார்.

முப்பது வருஷமாக வரும் வரலாற்று ஆய்விதழ் அது. பல்கலைக்கழகம் நடத்தும் இதழ்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இதழையும் மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது நூலகத்தின் மதிப்பீட்டு அதிகாரியின் வேலை. ஐம்பதுக்குக் கீழே போனால் மூடுவிழாதான்.

“அவர் என்ன தம்பி பண்ணுவார்? கம்ப்யூட்டர் சொன்னதைச் சொல்றார்” என்றார் இதழின் ஆசிரியை.

“அக்கா, ஒரு வழி இருக்கு. கட்டுரை அனுப்புறவங்க ஒவ்வொருத்தரும் நம்ம பழைய கட்டுரைல அஞ்சையாவது மேற்கோள் காட்டியே ஆகணும்னு சொல்லிடுவோம். அடுத்த இதழ்லயே ஐம்பதைத் தாண்டிடலாம்.”

“கேட்டு வாங்குற பாராட்டு நமக்கு எதுக்கு? மூடுறதுன்னா மரியாதையா மூடிட்டுப் போவோம்.”

மறுவாரம் முழுக்க அதிகாரி லீவு. ஆனால் ஆள் நூலகத்தின் மூன்றாவது மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வரலாற்றுப் புத்தகங்கள். ஒரு கையால் பக்கத்தைப் புரட்டுவதும், மறு கையால் போனில் படம் எடுப்பதுமாக இருந்தார்.

துணை ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் நின்றார்.

“ஏழுன்னு எழுதினது பத்தலையா சார்? இன்னும் என்ன குத்தம் தேடுறீங்க?”

அதிகாரி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

“கொஞ்சம் மெதுவா சார். லைப்ரரி” என்றார். அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. ஆசிரியையும் துணை ஆசிரியரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“வரலாற்று இதழ், ஏழு. நிறுத்திடலாமா?” என்று பேனாவைத் திறந்தார் தலைவர்.

அதிகாரி எழுந்தார். “சார், நான் கொடுத்த கணக்கு தப்பு.”

பேனா நின்றது.

“கம்ப்யூட்டர் இதழ்கள்ல வர்ற மேற்கோளை மட்டும்தான் எண்ணும். வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் புத்தகமா எழுதுறாங்க. புத்தகத்தோட அடிக்குறிப்பை அது திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா எண்ணினேன். ரெண்டு வருஷத்துல வந்த முப்பத்தெட்டு புத்தகத்துல, இருநூத்துப் பதினாலு தடவை இந்த இதழ் வருது. படமெல்லாம் இதுல இருக்கு.”

போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போன தலைவரின் முகம் போகப் போக மலர்ந்தது.

“அடேயப்பா! என் புத்தகமே இருக்கேய்யா இதுல! நானே மறந்துட்டேன்!”

அறையே சிரித்தது. இதழ் தொடரும் என்று ஒருமனதாகத் தீர்மானம். ஆசிரியை சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டு, எல்லாருக்கும் டீ சொல்ல ஓடினார்.

வராந்தாவில் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார் துணை ஆசிரியர்.

“மன்னிச்சிடுங்க சார். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்து எண்ணியிருப்பேனே!”

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

“உங்களை எப்படி சார் கூப்பிடறது? உங்க புத்தகமும் அந்த அடுக்குல இருந்தது. அருமையா எழுதியிருக்கீங்க. நாலு இடத்துல மட்டும், உங்க இதழ்ல மத்தவங்க எழுதினது அப்படியே வருது, அடிக்குறிப்பு இல்லாம. அதை நான் ரிப்போர்ட்ல சேர்க்கலை. அடுத்த பதிப்புல போட்டுடுங்க... இருநூத்துப் பதினெட்டாயிடும்.”