வரிசையில் பச்சைக் குடம்

பெருமாட்டி ஊருக்குத் தண்ணீர் லாரி வரும்வரை குடங்கள் மட்டுமே வரிசையில் நிற்கும். கொரோனாவுக்குப் பயந்து ஆட்கள் அவரவர் வாசலில் காத்திருப்பார்கள்.

“கௌலத்தக்கா, உங்கூட்டுல காய்ச்சலுங்க. கொடத்த எடுத்துட்டுப் போங்க!” என்று கத்திய அன்சிலா, கௌலத்தின் பச்சைக் குடத்தைக் கோலால் தள்ளி உருட்டினாள். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் கௌலத் இறந்தாள். வீட்டைப் பூட்டினார்கள்.

பச்சைக் குடம் மட்டும் வரிசைக்கு வந்துகொண்டே இருந்தது. அது எந்தக் குடத்துக்குப் பின்னால் நின்றதோ, அந்த வீட்டில் காய்ச்சல் கண்டது.

“யாருங்க இத வெக்கறது?” என்று அன்சிலா கேட்டாள். வாசல்களில் நின்றவர்கள் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார்கள்.

இன்று அது அவள் குடத்துக்குப் பின்னால் நின்றது. அவள் தன் குடத்தைத் தூக்கிப்போய் வரிசையின் கடைசியில் வைத்தாள். லாரியின் ஹார்ன் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் குடம் இப்போது கடைசிக் குடமாக இல்லை. அதன் பின்னால் பச்சைக் குடம் நின்றது.