ஒத்தவீச்சு, இரண்டாம் பாகம்

"படம் எப்படிண்ணே?"

"ஏசியில ரெண்டு மணி நேரம் நல்லாத் தூங்குனேன் மாப்ள. அம்புட்டுத்தான்."

விக்ரம் மைக்கை இறக்கினான். 'ஒத்தவீச்சு 2' படத்தின் முதல் காட்சி முடிந்து மதுரை தியேட்டர் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கூட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாற்பது பேர் இருந்தால் அதிகம். படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுவது விக்ரமின் பிழைப்பு. மதியக் காட்சிக்கு முன்னால் ஒருத்தராவது 'சூப்பர்' என்று சொல்லும் வீடியோ வேண்டும் என்று படக் கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இதுவரை பதினோரு பேர் பேசியிருந்தார்கள். பதினோரு பேரும் கழுவிக் கழுவி ஊற்றியிருந்தார்கள்.

"தம்பி, ஃபைட்டு எப்படின்னு கேளுங்க."

பக்கத்தில் நின்ற பெண்தான் மறுபடியும் ஆரம்பித்தாள். பெயர் ஜெயக்கொடி, நாற்பதைத் தாண்டிய வயது, காலை பஸ்ஸில் சோழவந்தானில் இருந்து வந்திருக்கிறாள். இவ்வளவும் அவளே சொன்னது. யார் பேசினாலும் தன் செல்போனை அவர்கள் வாய்க்கு நேரே நீட்டிப் பதிவு செய்துகொண்டாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"எனக்கும் என் மகளுக்கும் ஒரு வழக்கு தம்பி. முதல் பாகத்து ஃபைட்ட எல்லாரும் மறந்துட்டாங்கன்னு அவ சொல்றா. மறக்கலன்னு நான் சொல்றேன்."

"இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"படத்துக்குப் போஸ்டர் ஒட்டுன நாள்ல இருந்து புள்ள சரியாச் சாப்பிடல. காலேஜுக்கும் போகல. நாலு பேரு சொல்லிக் கேட்டாத்தான் தெளிவா."

சினிமா பைத்தியத்தில் எத்தனையோ ரகம் பார்த்திருக்கிறான் விக்ரம். தாயும் மகளும் சேர்ந்து இப்படி ஆகிப் பார்த்ததில்லை.

காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் வெளியே வந்தார். விக்ரம் மைக்கை நீட்டினான்.

"ஃபைட்டா? ஹீரோ அண்ணன் கைய ஓங்கும்போதே நாலு பேரு தானா விழுறாய்ங்க. காத்து பட்டு விழுறாய்ங்க போல."

"முதல் பாகத்துல?" ஜெயக்கொடி குறுக்கே கேட்டாள்.

அவர் முகமே மாறிவிட்டது. "அது வேறம்மா. மொட்டை மாடியில ஓடி வந்து அடுத்த வீட்டு மாடிக்குத் தாவுவாரு. அப்படியே உருண்டு எந்திரிச்சு அடிப்பாரு. அந்த ஒரு சீனுக்காகவே மூணு தடவ பாத்தேன். இப்ப ஆளே மாறிட்டாரு, என்னத்தச் சொல்ல."

"கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்று ஜெயக்கொடி போனை நீட்டினாள்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பவும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது ஒரு கல்லூரிப் பெண். "முதல் பாகத்துல அடிச்சு முடிச்சதும் இடது தோள லேசா உதறுவாரு. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அதே மாதிரி உதறிக்கிட்டுத் திரிஞ்சோம். இதுல அதையே காணோம். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"இடது தோள்தானே?" என்று கேட்ட ஜெயக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாக்கா. எப்படி மறக்கும்?"

அந்தப் பெண் போனதும் விக்ரமுக்கு எரிச்சல் தாங்கவில்லை. பதிமூன்று பேர் ஆகிவிட்டது. உருப்படியாக ஒரு வார்த்தை தேறவில்லை.

"அக்கா, நெசத்தச் சொல்லுங்க. இந்த ஹீரோவப் பிடிக்காதவங்க யாராச்சும் உங்களை அனுப்புனாங்களா? படம் மோசம்னு சொல்லச் சொல்ல விடாமப் பதிவு பண்ணிக்கிறீங்க."

"என்னை யாரு தம்பி அனுப்பப் போறா."

"அப்ப நீங்களாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க. என் பொழப்பும் ஓடணும்ல?"

"நான் படம் பாக்கலையே."

"மதியக் காட்சிக்கு நானே டிக்கெட் எடுத்துத் தாரேன்."

"வேணாம் தம்பி. என்னால இதைப் பாக்க முடியாது." அவள் சொன்ன விதத்தில் அதற்கு மேல் வற்புறுத்த அவனுக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கம்பெனி பக்கம் நியாயம் பேசிப் பார்த்தான்.

"பாவம்க்கா அவரும். ரெண்டு பாகத்துலயும் ஃபைட்டெல்லாம் நானேதான் போட்டேன்னு பேட்டியில சொல்லியிருக்காரு. வயசு ஆகுதுல்ல, முன்ன மாதிரி உடம்பு வளையல."

"அப்படியா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். கோபப்படுவாளோ என்று பார்த்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் தெரிந்தது.

தியேட்டர் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். ஜெயக்கொடி நிழலுக்கு ஒதுங்கி, பதிவு செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மகளுக்கு அனுப்பினாள். பிறகு போனை வாயருகே பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஆர்த்திகா, அம்மா பேசுறேன். மூஞ்சி தெரியாத டூப்புக்காரர யாரு நினைச்சுப் பாப்பான்னு அழுதியே, இதை எல்லாம் கேளு. இந்தப் படத்து ரிகர்சல்ல கயிறு அந்து உங்கப்பா போயி வருசம் ஒண்ணாச்சு, இன்னைக்குப் படம் பாத்துட்டு வர்ற அம்புட்டுப் பேரும் அவரைக் காணோம்னுதான் தேடுறாகடி."