பெயர் சொன்னால் கிளாம்ப்

டயாலிசிஸ் நடுவே மரியதாஸின் கழுத்துக் குழாயை இறுக்கி மூடும் கிளாம்ப் உடைந்து ரத்தம் பீறிட்டது. நர்ஸ் எஸ்தர் குழாயை விரல்களால் நெரித்துப் பிடித்தபடி குரல் கேட்டுத் திறக்கும் தானியங்கி மருந்து அலமாரியிடம் கத்தினாள்.

"கழுத்து லைனுக்கு கிளாம்ப் குடு!"

"தரப்படுத்தப்பட்ட பெயரைச் சொல்லவும்," என்றது அலமாரி.

"எதையாவது சொல்லித் தொலைங்க சிஸ்டர்," என்று முனகினார் மரியதாஸ்.

"தப்பா சொன்னா ஒரு மணி நேரம் பூட்டிக்கும்ணே. பேசாம படுங்க." விரல்கள் வழுக்க, எஸ்தர் மறுபடி அலமாரி பக்கம் திரும்பினாள். "கழுத்து லைன்னா, மத்திய சிரை வடிகுழாய், தற்காலிகம்!"

"சரி. குழாயை இப்போது அடைத்திருக்கும் கருவி?"

"என் விரலு!"

"தற்காலிகமா, நிரந்தரமா?"

"ஆமா, நிரந்தரம்! உடம்போடதானே ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"பதிவாகிவிட்டது. நிரந்தர கிளாம்ப் இருப்பதால் புதியது தேவையில்லை," என்று அலமாரி பூட்டிக்கொண்டது.