இன்னும் ரெண்டு விரல்

"செருப்பைக் கழட்ட வேணாம். அப்படியே காலைத் தூக்கு, பார்ப்போம்" என்றார் கணவர்.

பிக்கப் வண்டியின் கதவோரம் நின்றிருந்த அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நாலு பேர் முன்னால் "ஏறித் தொலை" என்று விரட்டியே பழகிய மனிதர், இன்று கிரீஸ் படிந்த பட்டறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு சைடு ஸ்டெப் போடப்போவதாகக் காலையில்தான் சொன்னார். "நீயும் கிளம்பு. கால் வச்சுக் காட்ட ஆள் வேணும்." அவ்வளவுதான். அதற்கே அவள் இருக்கிற புடவையில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவர்களுக்கு லாண்டரித் தொழில். லாட்ஜ் லாட்ஜாகப் போய் அழுக்கு விரிப்புகளை மூட்டை கட்டி ஏற்றி வருவது இரண்டு பேர் வேலை. ஒவ்வொரு வாசலிலும் அவள் இறங்கி ஏற வேண்டும். வண்டியோ ஆளுயரம். கதவை ஒரு கையாலும் சீட்டை மறு கையாலும் பற்றி, முழங்காலை ஊன்றி, மிச்ச உடம்பை மூட்டை மாதிரி இழுத்துப் போட்டுக்கொள்வாள். வாட்ச்மேன்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்.

ஒரு மழை நாளில் கால் வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லு விரிசல் விட்டது. ஓடி வந்தவர் முதலில் கேட்டது, "துணி நனைஞ்சிடுச்சா?"

அதற்கப்புறம் ஒரு படி வைக்கச் சொல்லி அவள் கெஞ்சாத நாளில்லை. "படி வச்சு ஏற இது என்ன பல்லக்கா?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

கடைசியில் நேற்று மனசு வெறுத்துத் தங்கையிடம் அழுதாள். தங்கைக்குத் தையல் கடை. அங்கே ஒரு மெஷின் சும்மா கிடந்தது. கடைக்கு மேலேயே ஓர் அறையும் இருந்தது. "வந்துடுக்கா. ஆனா நாளைக்குள்ள சொல்லிடு, இன்னொரு பொண்ணு அந்த இடத்தைக் கேட்டுட்டே இருக்கா" என்றிருந்தாள். கட்டிலுக்கடியில் பைகூடத் தயார்.

பட்டறைக்காரர் ஸ்டெப்பை வண்டிக்கு அடியில் பொருத்திப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இப்ப வச்சுப் பாருங்க."

வைத்தாள். முழங்கால் முனகவே இல்லை. "இது போதுங்க. சுகமா இருக்கு."

"போதாது" என்றார் கணவர். "இன்னும் ரெண்டு விரல் இறக்குங்க."

"சார், இதுக்கு மேல இறக்கினா வேகத்தடையில தட்டும். நெளிஞ்சு போயிடும்."

"தட்டினா தட்டட்டும். இறக்குங்க."

அவள் வளையல் உரசிக் கதவில் கோடு விழுந்ததற்கு நாள் கணக்கில் முகம் கொடுக்காதவர்! பட்டறைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க. எங்க வீட்டுல இப்படிச் சொன்னா எனக்குச் சோறு கூட ஒரு கரண்டி விழும்."

டிரில் மெஷின் இரையத் தொடங்கியதும் அவள் போனை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தாள்.

"நான் வரலடி."

"என்னக்கா இது? நேத்துகூட அந்த அழுகை அழுதியே!" என்றாள் தங்கை.

"அவரு மாறிட்டாருடி. என் காலுக்காகப் படி வைக்கிறாரு. தரையில உக்காந்து அளவு பார்க்கிறாரு. போதும்னு நான் சொல்றேன், அவரு போதாதுங்கிறாரு."

"நல்லா யோசிச்சுத்தானே சொல்ற? அந்தப் பொண்ணு இப்ப கடையிலதான் நிக்கிறா. மெஷின்ல உக்காரச் சொல்லிடவா?"

"உக்காரச் சொல்லு."

போனை மடியில் செருகியபோது உடம்பே இலேசானதுபோல் இருந்தது. இத்தனை நாளாய் அவரைப் பற்றித் தங்கையிடம் என்னென்னவெல்லாம் கொட்டிவிட்டோம் என்று நினைத்துக் கூசினாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட வேண்டும்.

உள்ளே வேலை முடிந்திருந்தது. போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, வழுக்காமலிருக்க ஸ்டெப் மேல் ரப்பரும் ஒட்டியிருந்தார் பட்டறைக்காரர். கணவர் தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறு, பார்ப்போம்."

அவள் எதையும் பிடிக்கவில்லை. வலது கால், இடது கால்; சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள். சின்னப் பெண்போல் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, எனக்கு இவ்வளவு தணிவா வேண்டியதே இல்லையே! இந்த அக்கறையெல்லாம் இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அவர் நிமிராமல் ரப்பரின் ஓரத்தைத் தேய்த்துத் துடைத்தார்.

"உனக்கு யாரு வச்சா? வண்டியை வித்தாச்சு. வாங்கினவரோட சம்சாரம் உன்னைவிடக் குள்ளம்."